விநியோகமும் அல்ல, ஈவுத்தொகையும் அல்ல: பகிர்வுத்தொகை

“குழாய் நிறுவனம் விநியோகத்தைப் பாதியாகக் குறைத்தது.” இப்படி ஒரு மொழிபெயர்ப்பு மறுபடியும் கண்ணில் பட்டது. படிப்பவர் எரிவாயு வரத்து பாதியாகிவிட்டது என்றுதானே நினைப்பார்? குறைந்தது வாயு அல்ல, முதலீட்டாளர் கைக்கு வரும் பணம். 2020 அக்டோபரில் அமெரிக்காவின் எண்ணெய், எரிவாயுக் குழாய்க் கூட்டாண்மையான எனர்ஜி டிரான்ஸ்ஃபர், ஓர் அலகுக்கு (பங்கு போன்ற ஒரு கூறுக்கு) காலாண்டுதோறும் கொடுத்துவந்த 30.5 சென்ட்டை 15.25 ஆக்கியது. கொரோனாவால் எண்ணெய்ச் சந்தை சரிந்த ஆண்டு அது. மாதாந்தரச் செலவுக்கு இந்தப் பணத்தை நம்பியிருந்த ஓய்வுபெற்றோர் கலங்கிப்போனார்கள்.

ஆங்கில மூலச்சொல் டிஸ்ட்ரிபியூஷன். லத்தீனில் ‘பிரித்து அளித்தல்’ என்று பொருள். அவ்வளவுதான்.

விநியோகம் வடசொல் என்பதற்காக நான் அதைத் தள்ளவில்லை. கோயிலில் பிரசாத விநியோகம் என்றால் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால் எண்ணெயும் வாயுவும் ஓடும் தொழிலில் அந்தச் சொல் சரக்கைத்தான் குறிக்கும். பகிர்மானம் என்கிறார்கள் சிலர். அதை மின்வாரியம் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டது.

சரி, ஈவுத்தொகை என்று எழுதினால் என்ன? இதைத்தான் நான் கடுமையாக எதிர்க்கிறேன். ‘ஈ’ என்றால் கொடு. அதிலிருந்து வந்த ஈவு அழகான சொல்தான். ஆனால் சந்தையில் அது கம்பெனி தன் லாபத்திலிருந்து தரும் டிவிடெண்டுக்கு நிலைத்துவிட்டது. எம்எல்பி (மாஸ்டர் லிமிடெட் பார்ட்னர்ஷிப்) எனப்படும் இந்தக் குழாய்வழிக் கூட்டாண்மைகள் கம்பெனிகள் அல்ல. வருமான வரியைக் கூட்டாண்மை கட்டுவதில்லை, அலகு வைத்திருப்பவர்தான் கட்டுகிறார். தேய்மானக் கணக்கு பெரிது என்பதால் வரும் பணத்தில் பெரும்பகுதி லாபமாகவே கணக்கில் ஏறாது. போட்ட முதல் திரும்பி வருவதாகவே வரித்துறை கொள்ளும். 20 டாலருக்கு வாங்கியவரின் அடக்கவிலை, அதாவது வரிக்கணக்கில் அவர் வாங்கியதாகக் கொள்ளும் விலை, இதனால் ஆண்டுதோறும் இறங்கும். விற்கும்போது வரி வந்து நிற்கும். இதை ஈவுத்தொகை என்று படித்தவர் லாபம் வருகிறது என்றே நம்பியிருப்பார். ‘லாபப் பங்கீடு’ என்பது இன்னும் மோசம்.

இன்னொரு அமெரிக்கக் குழாய் நிறுவனமான கிண்டர் மார்கனைப் பாருங்கள். 2014-இல் தன் கூட்டாண்மைகளை விழுங்கி ஒரே கம்பெனியானது. எண்ணெய் விலை வீழ்ந்துகொண்டிருந்த 2015 டிசம்பரில் காலாண்டுக்கு 51 சென்ட்டிலிருந்து 12.5 சென்ட்டாக அது குறைத்தது ஈவுத்தொகைதான். அங்கே அந்தச் சொல் சரி. எனர்ஜி டிரான்ஸ்ஃபர் குறைத்ததற்கு அது பொருந்தாது.

ஆகவே பகிர்வுத்தொகை. பகிர் என்பது கூட்டாளிகளுக்குள் நடப்பது. தொகை என்றதும் பணம் என்று தெரிந்துவிடும். மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறக்குமுன் யார், யாருக்கு, எதைக் கொடுக்கிறார் என்று ஒரு தடவை கேட்டுக்கொள்ளலாம். ‘லிமிடெட் பார்ட்னர்’ என்பதை ‘வரையறுக்கப்பட்ட கூட்டாளி’ என்று எழுதுவதும் இப்படிக் கேட்காததால்தான். அங்கே வரம்பு கூட்டாளிக்கு இல்லை, கடன்களுக்கு அவர் ஏற்கும் பொறுப்புக்கு.