பணம் கொடுத்தால் முடிந்துவிடும் என்று யார் சொன்னது?

போன வாரம் வந்தவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். போனை மேஜையில் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் பேசவே ஆரம்பித்தார். அது அதிரும்போதெல்லாம் பேச்சு நின்றது. ஆபாச வீடியோ காலில் சிக்கி, மிரட்டலுக்குப் பயந்து பணம் கட்டிய கதை. இதே கதையோடு இந்த மாதம் என் வக்கீல் ஆபீஸ் படியேறிய நாலாவது ஆள்.

த்ரில்லர் படங்கள் நம் ஆட்களைக் கெடுத்து வைத்திருக்கின்றன. ரயில் சிநேகம், மழை இரவு, மெல்ல மெல்ல நெருங்கும் அழகி, கிளைமாக்ஸில் துரோகம். அப்படி ஒருத்தி வந்தால் உஷாராகிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இங்கே அழகியே கிடையாது சாமி! பேஸ்புக்கில் ஒரு நட்பு அழைப்பு, இரண்டு நாள் 'சாப்பிட்டீங்களா', அப்புறம் இரவு பத்தரைக்கு வாட்ஸ்அப் வீடியோ கால். அந்தப் பக்கம் ஓடுவது ஒரு பெண்ணின் எப்போதோ பதிவுசெய்த ஆபாச வீடியோ. அதைப் பார்க்கிற உங்களைப் பதிவுசெய்து, நண்பர்களுக்கெல்லாம் அனுப்பிவிடுவேன் என்று மிரட்டிப் பணம் கேட்பார்கள். ஓட்டுகிறவன் மீசை வைத்த பையனாக இருப்பான். 2023 ஏப்ரலில் ஹரியானாவின் நூ மாவட்டத்தில் சைபர் மோசடிக் கும்பல்களைத் தேடி 14 கிராமங்களில் சுமார் 5,000 போலீஸார் இறங்கினார்கள். குடிசைத் தொழில் மாதிரி நடக்கிறது.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது, "ஒரு தடவை கொடுத்துவிட்டால் விட்டுவிடுவான் சார்" என்கிற நம்பிக்கை. ஏன் விடுவான்? நீங்கள் முதல் ஐயாயிரம் அனுப்பும்வரை அவனுக்கு நீங்கள் நூற்றில் ஒருவர். அனுப்பியதும், 'இந்த ஆள் பயப்படுகிறார், கையில் காசும் இருக்கிறது' என்பது உறுதியாகிவிடும். அடுத்து, யூடியூபில் ஏறிய வீடியோவை நீக்க இருபதாயிரம் கேட்பான். அதுவும் கட்டினால் 'டெல்லி சைபர் கிரைம் அதிகாரி' கூப்பிடுவார், அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டாள், கைது வாரண்ட் தயார் என்பார். எல்லாம் ஒரே கும்பல். நிஜ போலீஸ் வாட்ஸ்அப்பில் வழக்கை முடிக்க விலை பேசாது. பணம் கட்டாமல் பிளாக் செய்த என் கட்சிக்காரர்களுக்குப் பெரும்பாலும் சில நாளில் தொல்லை ஓய்ந்திருக்கிறது. கட்டியவர்களுக்கு ஓய்ந்து நான் பார்த்ததில்லை.

பிளாக் செய்யச் சொன்னேன். "அவங்களுக்குக் கோபம் வந்துடுமே சார்" என்றார் தலைமையாசிரியர்.

சரி, செய்ய வேண்டியது இதுதான். வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், அதுதான் சாட்சி. எண், புரொஃபைல் லிங்க், மிரட்டல் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகு பிளாக் செய்யுங்கள். பேஸ்புக்கில் நண்பர் பட்டியலை இன்றைக்கே மறையுங்கள். பணம் போயிருந்தால் உடனே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். சீக்கிரம் சொன்னால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வாய்ப்புண்டு. மூன்று வாரம் கழித்து வந்து என்னைக் கேட்டால் நான் என்ன செய்ய? படம் பரவும் என்று பயமிருந்தால் ஸ்டாப் என்சிஐஐ (StopNCII.org) என்ற இலவச இணையதளம் இருக்கிறது. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது, அதன் டிஜிட்டல் கைரேகை (படத்தை அடையாளம் காட்டும் குறியீடு) மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும், அதை வைத்து அந்தப் படத்தைத் தடுப்பார்கள். மிரட்டிப் பணம் பறித்தவன்தான் பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 308-வது பிரிவில் குற்றவாளி. வீடியோ காலில் ஏமாந்த நீங்கள் புகார்தாரர்.

வீட்டில் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அப்பாவோ அண்ணனோ இதைச் சொல்ல வாயெடுத்தால் சிரிக்காதீர்கள், திட்டுவதைப் பத்து நாள் தள்ளிப்போடுங்கள். தலைமையாசிரியர் மனைவிக்குப் பயந்து, அனுப்பிய பணத்தையெல்லாம் வீட்டுக் கணக்கு நோட்டில் 'மருத்துவச் செலவு' என்று எழுதி வைத்திருந்தார். ஏழு வரிகள், தேதியோடு, ரூபாயோடு, அழகான கையெழுத்தில். புகார் மனுவை அதைப் பார்த்துத்தான் டைப் செய்தோம்.