ரசனை: ஒரு சொல்லும் அதற்குரிய தமிழும்

வாலாசாப்பேட்டைக்குப் பக்கத்து ஊர் ஒன்றின் நூலகத்தில் மு. வரதராசனாரின் 'அகல் விளக்கு' நாவலின் பழைய படி ஒன்று கைக்குக் கிடைத்தது. எனக்கு முன்னே அதைப் படித்தவர்களில் இருவர் ஓரங்களில் எழுதி வைத்திருந்தனர். ஒருவர் பென்சில்காரர். அறிவுரை வரும் இடங்களுக்கெல்லாம் அடிக்கோடிட்டு, 'உண்மை', 'குறித்துக்கொள்ள வேண்டியது' என்று பொடி எழுத்தில் எழுதியிருந்தார். மற்றவர் பச்சை மைக்காரர். பென்சில் கோடு இருக்கும் இடமாகப் பார்த்து அதற்கு நேரே, 'கதை எங்கே?', 'அறிவுரை போதும் ஐயா' என்று எழுதியிருந்தார். படியைத் திருப்பித் தரும்போது நூலகரிடம் இதைக் காட்டினேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு பக்கம் பார்த்தார். "அது அவங்கவங்க ரசனை சார்" என்று சொல்லி முத்திரையைக் குத்தினார்.

புத்தகங்களைப் பற்றிய வாதம் எங்கே நடந்தாலும் கடைசியில் இந்தச் சொல்லில் வந்துதான் நிற்கிறது. சொன்னவர் பெருந்தன்மையோடு சொன்னதாகவும், கேட்டவர் ஒப்புக்கொண்டதாகவும் கருதப்பட்டு வாதம் கலைந்துவிடும். ஆனால் இருவரும் ஒரே பொருளில்தான் அச்சொல்லைப் புரிந்துகொண்டார்களா என்பது எனக்கு ஐயமே. இன்றைய தமிழில் 'ரசனை' குறைந்தது மூன்று வேலைகளைச் செய்கிறது. 'அந்த அத்தியாயத்தை ரசித்துப் படித்தேன்' என்னும்போது அது ஒரு செயல். 'அவர் ரசனை உள்ளவர்', 'ரசனை கெட்டவர்' என்னும்போது அது ஒருவரிடம் இருக்கும் அல்லது இல்லாத ஆற்றல். 'என் ரசனை வேறு' என்னும்போது அது ஆற்றலும் அன்று, செயலும் அன்று, மனத்தின் சாய்வு. 'அவரவர் ரசனை' என்று விட்டுக்கொடுப்பவர் வெளிக்கு மூன்றாம் பொருளில் பேசுகிறார். உள்ளுக்குள் பலநேரம் இரண்டாம் பொருளை வைத்துக்கொண்டு, எதிரில் இருப்பவருக்கு அந்த ஆற்றல் இல்லை என்றே எண்ணுகிறார்.

சொல்லின் வேர் வடமொழியின் 'ரஸ' என்பது. சாறு, பிழிவு என்பதே அதன் பருப்பொருள். அதிலிருந்து நாவுக்குரிய சுவை, பொருளின் சாரம், கூத்தும் காவியமும் மனத்தில் எழுப்பும் உணர்ச்சி என்று பொருள் விரிந்தது. 'ரஸனா' என்றால் அங்கே நாக்கு. 'ரஸன' என்றால் சுவைத்தல். ஆகவே 'உங்கள் ரசனை என்ன?' என்று கேட்பவர், சொல்லின் பிறப்பை நோக்கினால், நாக்கை நீட்டச் சொல்கிறார். இந்தக் குடும்பத்தார் தமிழில் பலர் குடியேறியிருக்கிறார்கள். மிளகு ரசம், பழரசம், பாதரசம், ரசம் போன கண்ணாடி, ரசவாதம், சரசம், விரசம் எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகள். பரதரின் நாட்டிய நூல் எண்ணிய சுவைகள் எட்டு. பிற்காலத்தார் சாந்தத்தையும் சேர்த்துக்கொண்டதால் அவை நவரசம் ஆயின. ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலில் வராது என்பதால் பழைய முறையில் எழுதுவோர் 'இரசம்', 'இரசனை' என்று இகரம் கூட்டி எழுதுவர். பேச்சிலோ அச்சிலோ அந்த இகரம் இன்று பெரும்பாலும் ஒலிப்பதில்லை என்பதால் நான் அதைக் கூட்டவில்லை. குழம்புக்குப் பின் இலையில் ஊற்றும் ரசத்தை வைணவ வீடுகளில் சாற்றமுது என்பார்கள்; 'ரஸ' என்பதன் முதற்பொருளுக்கு நேரான தமிழ் 'சாறு' என்பதை அவ்வீட்டு அடுக்களை மறக்கவில்லை.

அடுத்த பொருளுக்கு நேரான தமிழ் 'சுவை'. இதை யாரிடமும் நாம் கடன் வாங்கவில்லை. மலையாளத்தில் 'சுவ', கன்னடத்திலும் தெலுங்கிலும் 'சவி' என்று இனமொழிகளில் இதன் உடன்பிறப்புகள் வழங்குகின்றன. குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் தெலுங்கு பேசும் வீடுகளுக்குப் பஞ்சமில்லை. தெலுங்கில் நாக்கின் சுவைக்கு ஒரு சொல்லும், மனத்தின் சாய்வுக்கு 'அபிருசி' என்று வேறொரு சொல்லும் இருக்கின்றன. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் உருது வழங்கும் தெருக்களில் கவிதையைச் சுவைக்கும் திறத்தை 'ஜௌக்' என்பார்கள். அதன் அரபு மூலத்துக்கும் சுவைத்துப் பார்த்தல் என்பதே பொருள். நாம் கொச்சையாகச் சொல்லும் 'மஜா'வும் பாரசீகத்தில் சுவையைக் குறித்த சொல்தான். பாலாற்றங்கரையின் பழைய வேலூர் மாவட்டம் ஒன்றுக்குள்ளேயே இத்தனை மொழிகளும் நாக்கிலிருந்து நூலுக்கு வழி போட்டிருக்கும்போது, நாக்கை வைத்தே இதை விளக்கினால் பிழையில்லை.

ஆம்பூர்ப் பிரியாணிக்குத் துணையாக வரும் கத்தரிக்காயை எடுத்துக்கொள்வோம். அதுவும் வேலூருக்குப் புவிசார் குறியீடு வாங்கித் தந்த முள்கத்தரியாகவே இருக்கட்டும். ஒருவர் உண்டுவிட்டு, 'புளி தூக்கலாகிவிட்டது' என்கிறார். இன்னொருவர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்தவர். 'மண்ணைத் தின்பதுபோல் இருக்கிறது' என்கிறார். மூன்றாமவர், 'எனக்குக் கத்தரிக்காயே பிடிக்காது' என்று தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார். முதலாமவர் பேசுவது பண்டத்தைப் பற்றி. அவரோடு வாதிடலாம், இன்னொரு கரண்டி எடுத்துச் சரிபார்க்கலாம். இரண்டாமவர் பேசுவது தம் நாக்கின் அப்போதைய நிலையைப் பற்றி. காய்ச்சல் நீங்கினால் அவர் சொல்லும் மாறும். மூன்றாமவரோடு வாதமே இல்லை. இம்மூவரின் சொற்களையும் 'அவரவர் ருசி' என்று ஒரே கட்டாகக் கட்டிவிட்டால், சமைத்தவர் புளியைக் குறைக்க வழியே இல்லாமல் போகும்.

இந்தப் பாகுபாட்டைப் பழந்தமிழ் இலக்கணம் நன்கு அறிந்திருந்தது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடுகளை எட்டாக எண்ணுகிறது. உரையாசிரியர்கள் அதை விளக்கும்போது, சுவைக்கப்படும் பொருள் வேறு, அதை உணரும் சுவையுணர்வு வேறு, அவ்வுணர்வால் மனத்தில் எழும் குறிப்பு வேறு, அது மெய்யில் வெளிப்படும் விறல் வேறு என்று பிரித்துக் காட்டினர். பொருளில் இருப்பதும் ஆளிடம் இருப்பதும் அங்கே ஒரு பெயரால் வழங்கவில்லை. பின்வந்த தண்டியலங்காரம், உள்ளே நிகழும் தன்மை புறத்தே தோன்றும்படி எண்வகை மெய்ப்பாட்டால் நடப்பதைச் சுவை என்னும் அணியாக வகுத்தது. 'ரஸ' என்பதற்குச் 'சுவை' என்பது நேற்றைய தனித்தமிழ் ஆர்வலர் செய்த மொழிபெயர்ப்பு அன்று என்பதற்கு இதுவே போதும்.

ஆளிடம் உள்ள ஆற்றலைப் பற்றி வள்ளுவர் சொன்னது கடுமையானது. 'செவியிற் சுவையுணரா வாயுணர்வின் மாக்கள், அவியினும் வாழினும் என்' என்பது 420ஆம் குறள். காதால் உணரும் சுவை ஒன்று உண்டு. அதை உணராமல் நாக்கின் சுவையை மட்டும் உணர்பவர் இருந்தால் என்ன, இறந்தால் என்ன என்கிறார். மக்கள் என்றுகூடச் சொல்லாமல் மாக்கள் என்கிறார். இங்கே 'அவரவர் விருப்பம்' என்ற சலுகைக்கு இடமே இல்லை. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்ற பழமொழியும் இந்தக் கட்சிதான். ரசிகமணி என்றே பட்டம் பெற்ற டி. கே. சிதம்பரநாத முதலியார், தம் சுவையுணர்வு ஏற்காத கம்பன் பாடல்களை இடைச்செருகல் என்று ஒதுக்கும் அளவுக்கு அதை நம்பினார். அந்த நம்பிக்கை என்னை மலைக்க வைக்கிறது. பின்பற்றும் துணிவு எனக்கு இல்லை.

எதிர்க்கட்சிக்கு மேற்கோள் 'லோகோ பின்ன ருசி' என்பது. வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டே இதைச் சொல்லி வாதத்தை முடித்துவைக்கும் பெரியவர்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது காளிதாசரின் இரகுவம்சம் ஆறாம் சருக்கத்தில் வரும் தொடர். மூலத்தில் சொற்கள் வேறு வரிசையில் நிற்கும். இந்துமதியின் சுயம்வரத்தில் அங்க நாட்டு அரசனைத் தோழி புகழ்ந்து முடிக்கிறாள். இந்துமதி அவனைக் கடந்து போய்விடுகிறாள். அந்த இடத்தில் கவி சொல்வது: அவன் விரும்பத்தகாதவனும் அல்லன், அவள் சீர்தூக்கிப் பார்க்கத் தெரியாதவளும் அல்லள், உலகம் வேறுவேறு ருசியுடையது. முதலில் பொருளில் குறையில்லை என்று ஒன்றை விலக்குகிறார். பிறகு பார்ப்பவளிடம் ஆற்றல் குறைவில்லை என்று மற்றொன்றை விலக்குகிறார். இரண்டையும் விலக்கிய பிறகுதான் ருசியின்மேல் போடுகிறார். நாம் முன்னிரண்டு படிகளையும் விட்டுவிட்டுக் கடைசிச் சொல்லை மட்டும் வாயில் வைத்திருக்கிறோம். அவர் 'ரஸ' என்னாமல் 'ருசி' என்றதையும் கவனிக்க வேண்டும். ரசம் பொருளிடம் உள்ளது, ருசி ஆளிடம் உள்ளது. தமிழுக்கு வந்த பிறகு ருசி நாக்கோடு நின்றுகொண்டு, அது செய்துவந்த வேலையையும் ரசனையின் தலையில் ஏற்றிவிட்டது.

ஒரே ஆளுக்குள்ளும் இது நிலையாக இருப்பதில்லை. குறுந்தொகையின் 196ஆம் பாட்டில் தோழி தலைவனைக் கேட்கிறாள்: அன்று என் தோழி வேம்பின் பச்சைக் காயைத் தந்தாலும் இனிய வெல்லக்கட்டி என்றீர், இன்று பாரியின் பறம்புமலைச் சுனையில் தை மாதத்தில் குளிர்ந்து கிடக்கும் தெளிந்த நீரைத் தந்தாலும் சுடுகிறது, உவர்க்கிறது என்கிறீர். பாடியவர் மிளைக் கந்தன். வேம்பும் மாறவில்லை, சுனையும் மாறவில்லை. காரணம் அன்பின் பக்கம் என்று முடிக்கிறாள். இருபது வயதில் தலையணைக்கடியில் வைத்துப் படித்த நாவலை நாற்பதில் எடுத்துப் பத்துப் பக்கம் தாண்ட முடியாமல் போனவர்களுக்கு இந்தப் பாட்டு உரைபோட வேண்டாமலே விளங்கும்.

இனித் தமிழ்ச் சொற்கள். சுவை இருக்கிறது. 'நயம்' இருக்கிறது, நயத்தல் என்றால் விரும்புதல், ஆகவே நயம் என்பது விரும்பத்தக்கதாக இருக்கும் தன்மை. 'நவில்தொறும் நூல்நயம் போலும்' என்று குறள் நூலுக்கே அதை உரிமையாக்கிவிட்டது. மளிகைக் கடைக்காரர் 'நயம் துவரம்பருப்பு' என்று பலகையில் எழுதுவதும் இதே பொருளில்தான். பருப்பின் நயத்தை அவர் கைப்பிடி அள்ளி நம் உள்ளங்கையில் கொட்டிக் காட்டுவார். பள்ளியில் மட்டும் இந்தச் சொல்லைப் பாழ்படுத்திவிட்டோம். 'இலக்கிய நயம் பாராட்டுக' என்ற வினாவுக்கு மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி என்று தலைப்பிட்டு நாற்பது பிள்ளைகளும் ஒரே விடையை எழுதுகிறார்கள். பாட்டு பிடிக்கவில்லை என்று எழுத அதில் தலைப்பு இல்லை. ரசிகருக்குச் 'சுவைஞர்' என்ற ஆக்கம் நல்லது, ஓரளவு வழக்கிலும் வந்திருக்கிறது. 'விசிறி' என்பது ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்த வேடிக்கை; திரைக்கொட்டகை வாசலோடு அது நிற்கட்டும்.

'ரசனை' முழுவதற்கும் நேராக ஒரே தமிழ்ச்சொல்லைத் தேடுவது வீண் என்பது என் கருத்து. செயலைச் சொல்லும்போது சுவைத்தல், துய்த்தல் என்றும், ஆற்றலைச் சொல்லும்போது உரையாசிரியர்கள் வைத்த சுவையுணர்வு என்றும், சாய்வைச் சொல்லும்போது நாட்டம் அல்லது விருப்பு என்றும், நூலிடம் உள்ளதைச் சொல்லும்போது நயம் என்றும் எழுதலாம். ரசனையை ஒதுக்கிவிட வேண்டும் என்பதில்லை. நாக்குப் பழகிய சொல் அது, வேலூரில் எந்தத் திண்ணையிலும் செல்லும். எந்த ரசனை என்று ஒருவர் கேட்கும்போது விடை சொல்ல முடிந்தால் போதும்.

அந்த நூலகப் படிக்குத் திரும்புகிறேன். மு.வ. இந்த மண்ணின் பிள்ளை. 1912இல் பிறந்தவர், வேலம் அவர் ஊர், திருப்பத்தூரில் பள்ளியாசிரியராக இருந்தவர். 'அகல் விளக்கு' 1961இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாலாசாப்பேட்டைத் தெருக்கள் அதில் வருகின்றன. ஒரு தலைமுறை அவர் நாவல்களைத் திருமணத்துக்குப் பரிசாகக் கொடுத்தது. அடுத்த தலைமுறை அவற்றை நாவல்களா என்றே கேட்டது. பென்சில்காரர் கோடிட்டது அவருடைய நாட்டத்தை. வாழ்க்கைக்கு வழிகேட்டு அவர் புத்தகத்திடம் வந்திருக்கிறார், அதில் வழக்கில்லை. பச்சை மைக்காரரின் 'கதை எங்கே?' என்பது நாட்டம் அன்று. அது நூலின் நயத்தைப் பற்றிய குற்றச்சாட்டு. பாத்திரங்கள் தாமே செய்து காட்ட வேண்டியதை ஆசிரியர் சொல்லிவிடுகிறார் என்பது அதன் பொருள். பக்கத்தைப் புரட்டி உண்டு, இல்லை என்று வாதிடக்கூடிய ஒன்று. எனக்கு அவர் சொன்னதில் பாதிக்கு மேல் உடன்பாடு. ஆனால் சிறுசிறு வாக்கியங்களாகத் தெளிந்த நீர்போல் ஓடும் அந்த உரைநடையும் நயந்தானே என்று அவரிடம் கேட்டிருப்பேன். அதற்கு 'அவரவர் ரசனை' என்று அவர் பதில் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன். படியின் கடைசிப் பக்கத்தில், தேதித்தாள் ஒட்டியிருக்கும் இடத்துக்கு மேலே, அதே பச்சை மையில் ஒரு வரி இருந்தது: 'இரண்டாம் முறை படித்து முடித்தேன்.'