ட்விட்லர் சின்ட்ரோம்: தமிழில் என்ன சொல்லலாம்?

இதயத்துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் (இதயமுடுக்கி) வைத்த சிலருக்கு, தோலுக்கடியில் இருக்கும் அந்தச் சின்னப் பெட்டி இருந்த இடத்திலேயே புரளும். அது புரளப் புரள, இதயத்துக்குப் போகும் கம்பி முறுக்கேறிக் குட்டையாகும். கடைசியில் கம்பியின் நுனி இதயச் சுவரை விட்டுக் கழன்று வந்துவிடும். இதைத்தான் ட்விட்லர் சின்ட்ரோம் என்கிறார்கள். 1968இல் பேய்லிஸ், பீன்லாண்ட்ஸ், பெயர்ட் என்ற மூன்று மருத்துவர்கள் கனடா மருத்துவச் சங்க இதழில் எழுதிய கட்டுரையில் வைத்த பெயர் இது.

ஆங்கிலத்தில் ‘ட்விடில்’ என்றால், கை சும்மா இருக்க முடியாமல் எதையாவது விரலால் உருட்டுவது. சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கும் பிள்ளையை, “ஏன் அதைப் போட்டு நோண்டிக்கிட்டே இருக்க?” என்று அதட்டுவோமே, அதேதான். ‘சின்ட்ரோம்’ கிரேக்கச் சொல். சேர்ந்து ஓடுவது என்று பொருள். பல அறிகுறிகள் கூடி வருவதால் ‘கூட்டறிகுறி’ என்பது அதற்குப் பொருத்தமான தமிழ்.

அப்படியானால் ‘நோண்டுபவர் கூட்டறிகுறி’ என்று பெயர்த்துவிடலாமா? கூடாது என்பேன். அந்தப் பெயர் நோயாளியின் விரலைக் குற்றவாளி ஆக்குகிறது. கழுத்தெலும்புக்குக் கீழே புதிதாக ஒரு மேடு இருந்தால் கை தன்னால் அங்கே போகத்தான் செய்யும். தொட்டது பலருக்கு நினைவில்கூட இருக்காது. அதோடு, கையே படாமலும் இது நடக்கும். பெட்டியை வைக்கத் தோலுக்கடியில் அமைத்த பை பெரிதாக இருந்தாலோ, முதியவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் இருப்பதுபோல அங்கே தோலுக்கடியில் உள்ள திசு தளர்ந்திருந்தாலோ, பெட்டி தானே புரளும். பையைச் சிறிதாக அமைத்து, பெட்டியைத் தசையோடு சேர்த்துத் தைப்பது அதனால்தான்.

எனவே ஆளை விட்டுவிட்டு, நடந்ததைப் பெயராக்குவோம்: ‘திருகல்’. ‘இதயமுடுக்கித் திருகல்’ என்றால் யாருக்கும் புரியும். இதில் எனக்குப் பிடித்த ஒரு பொருத்தமும் உண்டு. ‘முடுக்கு’ என்ற வினைக்கு விரட்டு, வேகப்படுத்து என்ற பொருளோடு, திருகாணியைத் திருகி இறுக்குவது என்ற பொருளும் இருக்கிறது.

எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால் இந்தச் சொல் எவ்வளவு சரி என்று தெரியும். கருவி வைத்த அன்று எடுத்த படத்தில் கம்பி தொளதொளவென்று வளைந்து கிடக்கும். திருகிய பிறகு எடுத்த படத்தில், பழைய தொலைபேசி ஒயர் தன்மேல் தானே முறுக்கிக்கொண்டதுபோல இருக்கும். கழன்ற நுனி மேலே ஏறி வரும் வழியில் நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் உதரவிதானத் தசையின் நரம்பைத் தூண்டினால் வயிறு துடிக்கும், விடாமல் விக்கல் வரும். தோள்பக்கத்து நரம்புகளைத் தூண்டினால் கை துடிக்கும். பேஸ்மேக்கரையே நம்பியிருக்கும் இதயமென்றால் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம்.

திருகலுக்குப் பங்காளிகள் இரண்டு. பெட்டி கவிழாமல், தட்டையாக இருந்தபடியே சுழன்று, நூல்கண்டில் நூல் சுற்றுவதுபோலக் கம்பியைத் தன்மேல் சுற்றிக்கொண்டால் ரீல் சின்ட்ரோம். இதைச் ‘சுருட்டல்’ எனலாம். பெட்டி அசையாமல், கையசைவில் கம்பி மட்டும் தையல் பிடியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தால் ராட்செட் சின்ட்ரோம். இதற்கு ‘உருவல்’ சரியாக இருக்கும்.

இவை எல்லாவற்றுக்கும் ‘இடப்பெயர்வு’ என்று ஒரே சொல்லைப் போட்டுவிடும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. பெட்டி மொத்தமாகக் கீழே இறங்கினால் அது ‘சரிவு’. கம்பி நுனி இதயச் சுவரை விட்டு வந்தால் ‘கழலல்’; பல கம்பிகளின் நுனியில் திருகாணி போன்ற சுருளே இருப்பதால், ‘கழன்றது’ என்பது சொல்லுக்குச் சொல் உண்மை. வீட்டில் இருப்பவர்களும் “வயர் கழன்றுவிட்டது” என்றுதான் சொல்வார்கள்.

சரி, டிஸ்சார்ஜ் சீட்டில் எப்படி எழுதுவது? “முடுக்கிப் பெட்டி திருகியதால் கம்பி கழன்றது, கம்பியை மீண்டும் பொருத்தி, பெட்டியைத் தசையோடு தைத்திருக்கிறோம்.”