சப்ரோசைலிக் வண்டுகள்: சொல்லின் எல்லையும் கணக்கெடுப்பும்

சப்ரோசைலிக் என்பது இரண்டு கிரேக்கச் சொற்களின் கூட்டு. சப்ரோஸ் என்றால் அழுகியது, சைலோன் என்றால் மரக்கட்டை. தாவரத்தில் நீரைக் கடத்தும் திசுவான சைலமும், கட்டைகளைத் தட்டி வாசிக்கும் சைலோஃபோனும் இதே வேரிலிருந்து வந்தவைதாம்.

இன்று பெரும்பாலோர் எடுத்தாளும் வரையறை 1989-இல் பூச்சியியலாளர் மார்ட்டின் ஸ்பெயிட் ஐரோப்பிய மன்றத்துக்காக எழுதிய அறிக்கையில் உள்ளது. தன் வாழ்நாளின் ஏதேனும் ஒரு கட்டத்தில், பட்ட அல்லது பட்டுக்கொண்டிருக்கும் மரத்தின் கட்டையையோ, அதில் வளரும் பூஞ்சையையோ, அங்கே வாழும் இதே வகை உயிர் ஒன்றையோ நம்பியிருப்பது சப்ரோசைலிக் என்கிறது அது. கட்டையைத் தின்ன வேண்டும் என்ற நிபந்தனை இதில் எங்கும் இல்லை.

ஆகவே உக்கிய வேர்க்கட்டையைத் தின்று வளரும் கலைமான் வண்டின் புழு இதில் சேரும். காளான் வண்டு மரப்பூஞ்சையையே தின்னும், அதுவும் சேரும். பட்டை வண்டுகளை வேட்டையாடும் தனாசிமஸ், மரத்தில் ஒரு கடி கடிக்காவிட்டாலும் சேரும். நீளக்கொம்பு வண்டுக் குடும்பத்தில் பல சேர்ந்தாலும், அகபாந்தியா இனங்கள் சேராது. அவற்றின் புழுக்கள் மரமாகாத செடிகளின் தண்டுகளுக்குள் வளர்பவை. குடும்பப் பெயரை மட்டும் பார்த்துப் பட்டியல் போடுகிறவர்கள் வழுக்கும் இடம் இது.

தமிழில் என்ன சொல்வது? 'மட்குண்ணி' ஏற்கெனவே செத்ததைத் தின்னும் உயிர்களுக்கு வழங்குகிறது. 'உண்ணி' என்றதும் தனாசிமஸ் வெளியே போய்விடும். 'மரந்துளைப்பான்' என்றால் பச்சை மரத்தைக் குடையும் பயிர்ப்பகைகளும் உள்ளே வந்துவிடும். 'பட்டமர வண்டு' காதுக்கு இனிது, ஆனால் குறுகலானது. நன்றாகத் தழைத்து நிற்கும் முதுமரத்தின் உள்வைரம் பூஞ்சையால் உக்கி, பொந்து விழுந்திருக்கும். இவ்வகை வண்டுகளில் மிக அரியவை பல வாழ்வது அங்கேதான். ஸ்பெயிட்டின் வரையறையிலேயே இந்த ஓட்டை உண்டு. உயிர் மரத்தின் உக்கிய பகுதியையும் பின்வந்தவர்கள் சேர்த்துக்கொண்டது அதனால்தான்.

'உளுத்த' என்பதும் பொருந்தாது. உளுத்தல் என்பது பூச்சி அரித்துக் கட்டை பொடியாகும் நிலை, உக்குதல் பூஞ்சையால் மெத்தென்று போவது. இலங்கைப் பாடநூல்கள் சைலத்தைக் காழ் என்கின்றன. நிற்கும் மரத்துக்கும் கட்டைக்கும் 'மரம்' என்ற ஒரே சொல்லைப் புழங்கும் குழப்பம் அதில் இல்லை. 'உக்குகாழ்ச் சார்பு' என்றால் துல்லியம், ஆனால் வாயில் நுழையாது. 'உக்குமரச் சார்பு வண்டு' போதும் என்பது எங்கள் முடிவு. 'சார்பு' என்ற சொல்லை மட்டும் கைவிடக் கூடாது, வரையறையின் உயிர் அதில்தான் இருக்கிறது. உக்குமரம் இன்றி வாழவே முடியாதவற்றைக் கட்டாயச் சார்பு என்றும், வேறிடத்திலும் பிழைப்பவற்றை வாய்ப்புச் சார்பு என்றும் பிரிக்கலாம். கணக்கெடுப்பில் இவ்விரண்டையும் கலந்தால் எண்ணிக்கை வீங்கிவிடும்.

கணக்கெடுப்புக்கு அதிகம் பயன்படுவது சன்னல் பொறி. இரண்டு ஒளிபுகும் அக்ரிலிக் தகடுகளைச் சிலுவையாகக் கோத்து, கீழே புனலும் குப்பியும் மாட்டுவார்கள். பறந்து வரும் வண்டு தகட்டில் மோதிக் கீழே விழும். குப்பியில் புரொப்பிலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி. மேற்பரப்பு இழுவிசையைக் குறைக்க, மணமில்லாத சோப்புநீர் இரண்டு சொட்டு. எத்திலீன் கிளைக்கால் பாலூட்டிகளுக்கு நஞ்சு என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும். சாராயமும் ஊற்றக் கூடாது. நொதிக்கும் கட்டையிலிருந்து வருவது அதே வாசனை என்பதால் பட்டை வண்டுகள் அதைத் தேடி வந்து குவியும், கணக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒருமுறை குப்பியை மாற்றுவது வழக்கம். கெடுவது பெரும்பாலும் மழையாலும் இலையாலும்: புனல் வாயில் ஒரு சருகு அடைத்தால் போதும், அந்தச் சுற்று வீண். குப்பியின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே துளையிட்டு நுண்வலை ஒட்டினால், மழைநீர் வழிந்துபோகும், வண்டு தங்கும்.

இந்தப் பொறிக்கு இரண்டு குறைகள். விழுந்த வண்டு எந்த மரத்தில் பிறந்தது என்று அது சொல்லாது. பறக்காத வண்டு அதில் விழவும் விழாது. ஆஸ்மோடெர்மா எரெமிடா என்ற பொந்து வண்டில் பெரும்பாலானவை பிறந்த பொந்தை விட்டு வெளியே போவதே இல்லை. அதற்குப் பொந்தில் சேர்ந்த உக்கிய மரத்தூளில், விழுந்தால் ஏற முடியாத குப்பியான குழிப்பொறியைப் புதைக்க வேண்டும், அல்லது தூளைச் சில லிட்டர் அள்ளிச் சலிக்க வேண்டும். சலிப்பில் கிடைக்கும் புழு எச்சமும் சிறகுறைத் துண்டும்கூடச் சான்றுதான். சலித்த தூளைத் திரும்பப் பொந்திலேயே போட்டுவிட வேண்டும், அது அந்தப் புழுக்களின் உணவு. ஆண் வண்டு வெளிவிடும் காமா-டெக்காலாக்டோன் என்ற பழவாசனைப் பொருளைத் தூண்டிலாக வைத்து உயிரோடு பிடிக்கவும் முடியும்.

எந்தக் கட்டையிலிருந்து எது வருகிறது என்று அறியக் கட்டையையே வலையால் போர்த்தி, மேலே குப்பி மாட்டலாம். ஒரு பருவத்தோடு அவிழ்த்துவிட்டால் பாதிதான் தெரியும், பல இனங்களின் புழுப்பருவம் இரண்டு மூன்று ஆண்டு நீளும். கூடவே ஒவ்வொரு கட்டைக்கும் மர இனம், விட்டம், நீளம், நிற்கிறதா கிடக்கிறதா, வெயிலா நிழலா, கத்தி எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்பதைக் குறிக்க வேண்டும். கத்தி இறங்கும் ஆழம்தான் உக்கல் நிலையின் எளிய அளவு.

இனி, எந்த இனம் அழிவை எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் (IUCN) விதிப்படி மதிப்பிடும் சிவப்புப் பட்டியல். ஐரோப்பாவின் உக்குமரச் சார்பு வண்டுகளில் 436 இனங்களை 2010-இலும் 693 இனங்களை 2018-இலும் மதிப்பிட்டார்கள். இரண்டாம் சுற்றில் ஏறக்குறைய 18 விழுக்காடு அச்சுறுத்தலுக்கு உள்ளானவை. கட்டைக்குள் இருக்கும் புழுவைத் தலை எண்ண முடியாது என்பதால், முடிவு பெரும்பாலும் பரப்பைச் சார்ந்தே அமையும். இனம் உள்ள இடங்களை 2×2 கிலோமீட்டர் கட்டங்களில் குறித்தால் ஒவ்வொரு கட்டமும் 4 சதுர கிலோமீட்டர். மொத்தப் பரப்பு 10 சதுர கிலோமீட்டருக்குக் கீழ் என்றால் மிக அருகிய நிலை, 500-க்குக் கீழ் அருகிய நிலை, 2000-க்குக் கீழ் அழிவாய்ப்பு நிலை. ஆனால் பரப்பு மட்டும் போதாது. துண்டுபட்ட வாழிடம் அல்லது மிகச் சில இருப்பிடங்கள், தொடரும் சரிவு, கடுமையான ஏற்ற இறக்கம் ஆகிய மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

இங்கே 'இருப்பிடம்' என்பது வண்டு கிடைத்த இடங்களின் எண்ணிக்கை அல்ல. ஒரே அச்சுறுத்தல் ஒரே வீச்சில் அழிக்கக்கூடிய பரப்பு முழுவதும் ஓர் இருப்பிடம். ஒரே வெட்டுத் திட்டத்தில் வரும் நாற்பது பொந்து மரங்களும் ஒன்றாகத்தான் எண்ணப்படும். சரிவைக் கணிக்கும் காலம் பத்தாண்டு அல்லது மூன்று தலைமுறை, எது நீளமோ அது. தலைமுறை ஐந்தாண்டு என்றால் பதினைந்தாண்டு. வண்டுப் பதிவு அவ்வளவு பின்னோக்கி இல்லாதபோது முதுமரங்கள் குறைந்த வேகத்தை வைத்துச் சரிவை ஊகிக்க விதி இடம் தருகிறது. அதுவும் கிடைக்காத இனம் 'தரவுகள் போதா' வகைக்குப் போகும். ஆபத்தில்லை என்பது அதற்குப் பொருளல்ல.