மவுஸை யார் பிடிப்பது?

குரூப் 4 தேர்வுக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாளுக்கு இரண்டு நாள் முன்பு, நான் பொறுப்பில் இருக்கும் கிளை நூலகத்தில் தினமும் அமர்ந்து படிக்கும் பட்டதாரிப் பெண் ஒருவர் என் மேசைக்கு வந்து, தம் மின்னஞ்சலைத் திறக்க முடியவில்லை என்றார். கடவுச்சொல் தெரியவில்லை. மின்னஞ்சல் முகவரியையே கைப்பையில் மடித்து வைத்திருந்த ஒரு ஜெராக்ஸ் தாளைப் பார்த்துத்தான் சொன்னார். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பிரவுசிங் சென்டரில் டிஎன்பிஎஸ்சியின் ஒருமுறைப் பதிவைச் செய்தபோது, அங்கிருந்தவரே முகவரியை உருவாக்கி, கடவுச்சொல்லையும் தாமே வைத்து, கணக்கை மீட்பதற்கான கைபேசி எண்ணாகத் தம் எண்ணையே கொடுத்திருக்கிறார். அந்தக் கடை இப்போது இல்லை. பக்கத்துத் தையல்காரரிடம் விசாரித்து, அந்த மனிதரின் எண்ணைப் பிடித்து, அவர் வேறு ஊரிலிருந்து படித்துச் சொன்ன ஓடிபியைத் தட்டித்தான் கணக்கைத் திறந்தோம். ‘ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள்’ என்று நானே எழுதி ஒட்டிய அறிவிப்புக்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் இதையெல்லாம் செய்தோம்.

அந்தப் பெண்ணுக்குக் கைபேசி புதிதல்ல. காணொளி எடுத்து, வெட்டி ஒட்டி, பாட்டுச் சேர்த்துப் பதிவேற்றும் அளவுக்குக் கை பழகியவர். ஆனால் தம் பெயரில் உள்ள ஒரு கணக்கு தம் வசத்தில் இல்லை என்பது மூன்று ஆண்டுகளாக அவருக்குத் தெரியாது. கைபேசி வைத்திருப்பது ஒன்று, இணையத்தில் தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்வது வேறொன்று என்பதை இந்த மேசையில் அமர்ந்துதான் நான் கற்றுக்கொண்டேன். பொது நூலகத்துக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சொல்லக்கூடியது ஒன்றுதான்: இன்று பெரும்பாலான இடங்களில் மக்களுக்காக யாரோ ஒருவர் கணினியை இயக்கிக் கொடுக்கிறார், மக்களே இயக்கிப் பழகுவதற்கு, காசு கேட்காத, விரட்டாத இடம் நூலகத்தைத் தவிர ஊரில் வேறு அதிகம் இல்லை.

பிரவுசிங் சென்டர்காரர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு இவ்வளவு என்று வாங்கிப் பிழைப்பவர், வரிசையில் பத்துப் பேர் நிற்கும்போது ஒருவருக்குப் பாடம் நடத்திக்கொண்டிருக்க முடியாது. இ-சேவை மையங்களின் நிலையும் அதுவே. சான்றிதழை வாங்கித் தருவதுதான் அவற்றின் பணி. உண்மையில் நானும் பல ஆண்டுகள் அதையேதான் செய்துவந்தேன். யாராவது வந்து திணறினால், “கொஞ்சம் நகருங்க, நான் போட்டுத் தர்றேன்” என்று மவுஸை வாங்கிக்கொள்வேன். ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், வந்தவரும் வாழ்த்திவிட்டுப் போவார், அடுத்த மாதம் அதே வேலைக்கு அவரே திரும்பவும் வந்து நிற்பார். வாசகரின் நேரத்தைக் காக்க வேண்டும் என்பது சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் 1931இல் வகுத்துத் தந்த ஐந்து நூலக விதிகளில் நான்காவது. அந்த விதியைக் கடைப்பிடிப்பதாகத்தான் எண்ணியிருந்தேன். அவருடைய இன்றைய ஐந்து நிமிடத்தைக் காத்து, வரப்போகும் ஒவ்வொரு மாதத்திலும் அரை நாளை வீணாக்கிக்கொண்டிருந்தேன் என்பது பின்னர்தான் புரிந்தது.

இப்போது என் பழக்கம் வேறு. உதவி கேட்டு வருபவர் கணினிக்கு எதிரே அமர்கிறார். நான் பின்னால் நிற்கிறேன், கைகளை முதுகுக்குப் பின் கட்டிக்கொண்டு. கை கட்டாமல் நின்றால் அது தானாக மவுஸுக்குப் போய்விடுகிறது. முதன்முறையாக மவுஸைத் தொடுகிறவர்களின் சிக்கல்கள் நமக்கு எளிதில் பிடிபடுவதில்லை. சிலர் அதை மேசையிலிருந்து தூக்கித் திரையை நோக்கிக் காட்டுவார்கள். இருமுறை அழுத்தச் சொன்னால், முதல் அழுத்தலுக்கும் இரண்டாவதற்கும் இடையில் அம்புக்குறி நகர்ந்துவிடும். மேசையின் விளிம்பு வந்ததும், மவுஸைத் தூக்கிப் பழைய இடத்தில் வைத்துத் தொடரலாம் என்று தோன்றாமல், கையை வளைத்துக்கொண்டு தவிப்பார்கள். இதற்கு நான் கண்ட நல்ல பயிற்சி கோலம். படம் வரையும் பெயிண்ட் செயலியைத் திறந்து, ஐந்துக்கு ஐந்து புள்ளி வைக்கச் சொல்லி, புள்ளிகளைச் சுற்றி வளைக்கச் சொன்னால், அழுத்திப் பிடித்து இழுப்பது, விடுவது, தவறினால் திரும்பப் பெறுவது ஆகிய எல்லாம் அரை மணி நேரத்தில் வந்துவிடுகின்றன. மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த ஓர் அம்மா, சிக்குக் கோலத்தை ஒரே இழுப்பில் முடித்துவிட்டு, “அரிசி மாவுல போடுறதவிட இது கஷ்டம் சார், ஆனா அழிக்கிறது சுலபம்” என்றார்.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கிராமப்புறக் குடும்பங்களுக்குக் கணினி அறிவைக் கொண்டுசேர்க்க மத்திய அரசு 2017இல் தொடங்கிய பிரதமரின் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவு இயக்கம், 6 கோடி குடும்பங்களை இலக்காக வைத்து, குடும்பத்துக்கு ஒருவர் வீதம் 20 மணி நேரப் பயிற்சி அளித்தது. 2024 மார்ச் மாதத்தோடு நிறைவுற்றது. அதில் சேர வயது வரம்பு 14 முதல் 60 வரை. அறுபதைக் கடந்தவர்கள் வரம்புக்கு வெளியே நின்றார்கள். அதே காலத்தில்தான் மின்கட்டணம், வங்கி, பட்டா என்று ஒவ்வொன்றாகக் கைபேசிக்குள் போயின; ஓய்வூதியர்கள் ஆண்டுதோறும் தரவேண்டிய வாழ்நாள் சான்றிதழையும் முகத்தைக் காட்டியே பதிவுசெய்யும் வசதி 2021 நவம்பரில் வந்தது. நல்ல வசதிதான், செய்யத் தெரிந்தவர்களுக்கு. காலை ஒன்பது மணிக்கே நாளிதழ் பகுதியில் வந்து அமர்ந்துவிடும் பெரியவர்களுக்கு அந்தச் செயலியை நிறுவிக் காட்டியபோது, அவர்களைத் தடுத்தது அறிவுக் குறைவு அல்ல, விரல்தான் என்று கண்டேன். தொட்டுவிட்டு எடுக்க வேண்டிய இடத்தில் அழுத்தி வைத்திருப்பார்கள். அதை நீண்ட அழுத்தமாக எடுத்துக்கொண்டு திரை வேறு எதையோ காட்டும். பயந்துபோய்க் கைபேசியைக் கீழே வைத்துவிடுவார்கள். அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைப் பெரிதாக்கி, தொடுகைக்கான காத்திருப்பு நேரத்தைக் கூட்டிவைத்தால் பாதி அச்சம் தீர்கிறது. பேரப்பிள்ளைகளிடம் கேட்கலாமே என்பார்கள் சிலர். கேட்டிருக்கிறார்கள், பிள்ளைகளும் என்னைப் போலவே கைபேசியை வாங்கி, தாங்களே செய்து, திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள்.

பெண்களின் தடை இன்னொரு வகை. 2019-21இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் இணையத்தை எப்போதாவது பயன்படுத்தியிருந்த ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. பயன்படுத்துவோருள்ளும், வங்கிக் கணக்கிலும் ஆதாரிலும் கணவரின் அல்லது மகனின் எண்ணையே கொடுத்திருப்பவர்கள் எங்கள் நூலகத்துக்கு நிறைய வருகிறார்கள். ஓடிபி அவர் பணியாற்றும் இடத்துக்குப் போய்ச் சேரும். அவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். இங்கே நேரம் முடிந்து திரை மூடிக்கொள்ளும். ஆகவே பெண்களுக்கான வகுப்பில் நான் முதலில் நடத்துவது கணினிப் பாடம் அல்ல. உங்கள் ஆதாரில் யாருடைய எண் இருக்கிறது என்று பார்த்து, அது வேறொருவருடையதாக இருந்தால் மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்புவதே முதல் வகுப்பு.

பொதுக் கணினியில் ஓர் ஆபத்து இருக்கிறது. அதை நூலகர்களே பேசத் தயங்குகிறோம். ஒருநாள் மாலை, பூட்டுவதற்கு முன் எங்கள் கணினியின் டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்து பார்த்தேன். யார் யாருடையவோ ஆதார் பிடிஎஃப்கள், வருமானச் சான்றிதழ்கள், ஒரு வங்கிக் கணக்கு விவரம். ஆதார் பிடிஎஃபுக்குக் கடவுச்சொல் இருக்கிறதே என்று ஆறுதல் கொள்ள வேண்டாம்: பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்துகளும் பிறந்த ஆண்டும்தான் அந்தக் கடவுச்சொல், கூடவே கிடக்கும் மதிப்பெண் சான்றிதழைப் பார்த்தால் இரண்டும் தெரிந்துவிடும். அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் மூடும் முன் அந்தக் கோப்புறையையும் குப்பைத்தொட்டியையும் காலிசெய்வது எங்கள் வேலைகளில் ஒன்றாகிவிட்டது. ஆனால் நான் அழிப்பது போதாது. உள்நுழைந்தவர் வெளியேறிவிட்டுத்தான் எழ வேண்டும், கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று உலாவி கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரையே முடிந்தவரை தர வேண்டும் என்பதை வாசகரே பழகிக்கொள்ள வேண்டும். நூலகத்தில் பழகியவர் அடுத்து ஜெராக்ஸ் கடையில் வாட்ஸ்அப்பில் ஆதாரை அனுப்பும்போதும், அச்சானதும் அழிக்கச் சொல்லிக் கேட்பார்.

மோசடியைப் பற்றிப் பேசும்போது நூலகருக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் தொழிலே ஆதாரம் பார்ப்பதுதான். ஒரு புத்தகம் கைக்கு வந்ததும் அட்டையைப் பார்க்க மாட்டோம். உள்ளே திருப்பி, யார் எழுதியது, யார் பதிப்பித்தது, எந்த ஆண்டு என்று பார்ப்போம். இணையதளத்தையும் அப்படியே பார்க்கச் சொல்கிறேன்: அரசு முத்திரை அட்டை போன்றது, யார் வேண்டுமானாலும் ஒட்டலாம், மேலே உள்ள முகவரிதான் பதிப்பு விவரப் பக்கம், அது ‘ஜிஓவி டாட் இன்’ அல்லது ‘என்ஐசி டாட் இன்’ என்று முடிகிறதா என்று பாருங்கள். ‘டிஜிட்டல் கைது’ என்று காணொளி அழைப்பில் மிரட்டும் கும்பல்களைப் பற்றிய செய்திகளை நாளிதழ்களிலிருந்து வெட்டி, வாசிப்பறைப் பலகையில் ஒட்டிவைத்திருக்கிறோம். அப்படி ஒரு கைது முறையே சட்டத்தில் இல்லை. பணம் பெறுவதற்கு யூபிஐ பின் எண் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இராமல் உடனே 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும்; எவ்வளவு விரைவாக அழைக்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அதிகம். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தமக்கு வந்த அப்படிப்பட்ட அழைப்பைத் துண்டித்த கதையை நாளிதழ் மேசையில் அமர்ந்து சொன்ன அன்று கிடைத்த கவனம், நான் நடத்திய எந்த வகுப்புக்கும் கிடைத்ததில்லை.

ஆங்கிலம் தெரியாததால் இணையம் தமக்கில்லை என்று நினைப்பவர்களுக்குத் தமிழில் தேடிக் காட்டுவதே போதும். 1999இல் தரப்படுத்தப்பட்ட தமிழ்99 விசைப்பலகையில் உயிரெழுத்துகள் இடப்பக்கம், மெய்யெழுத்துகள் வலப்பக்கம் என்பதைச் சொல்லிக்கொடுத்தால், இளைஞர்கள் சில வாரங்களில் பழகிவிடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பேசினால் எழுதும் வசதி. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தையும், தமிழ் இலக்கியங்களை இலவச மின்னூல்களாகத் தர 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தையும் திறந்து காட்டினால், கணினியே வேண்டாம் என்றிருந்த வாசகரும் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொள்கிறார்.

இவ்வளவையும் எந்தக் கையைக் கொண்டு செய்வது என்று சக நூலகர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நூலகச் சட்டம் 1948இல் இங்கேதான் இயற்றப்பட்டது. இன்றும் சொத்து வரியின் ஒவ்வொரு ரூபாய்க்கும் பத்துக் காசு நூலக வரியாக வசூலாகிறது. ஆனால் ஊர்ப்புற நூலகத்தில் இருப்பவர் ஒரே ஒருவர். புத்தகம் கொடுப்பவரும் அவர்தான், வாங்கி அடுக்குபவரும் அவர்தான், கதவைப் பூட்டுபவரும் அவர்தான். ஒரு கணினி, சில நேரம் இணைப்பு. பயிற்சி என்று தனிப்பணியிடம் இல்லை. சர்வதேச நூலகச் சங்கக் கூட்டமைப்பும் யுனெஸ்கோவும் 2022இல் புதுப்பித்த பொது நூலக அறிக்கை, எல்லா வயதினருக்கும் டிஜிட்டல் எழுத்தறிவை வளர்ப்பதை நூலகத்தின் பணிகளுள் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது; என் மாதாந்தர அறிக்கைப் படிவத்திலோ, வந்தவர்கள் எத்தனை பேர், எடுத்த நூல்கள் எத்தனை என்பதற்குத்தான் கட்டம் இருக்கிறது.

எங்களுக்குக் கைகொடுத்தது வாசகர் வட்டம். அதிலுள்ள கல்லூரி மாணவர்கள் மூவர் ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மணி நேரம் தருகிறார்கள். அவர்களுக்கு நான் வைத்த ஒரே விதி, வாசகரின் மவுஸைத் தொடக்கூடாது என்பது. நூலகத்துக்கு வராதவர்களிடம் நாங்களும் போகிறோம், சுயஉதவிக் குழுக் கூட்டம் நடக்கும் திண்ணைக்கு, கைபேசியோடு. இது புதுமையல்ல. 1931இல் மன்னார்குடி அருகே மேலவாசலில் மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போன நூலகத்தின் மரபுதான்.

அறிக்கையில் கட்டம் இல்லாததால், கணினி மேசையில் கிடக்கும் பதிவேட்டில் நானே இரண்டு பத்திகள் கோடு போட்டேன். ஒன்று ‘செய்து கொடுத்தது’, மற்றொன்று ‘தாமே செய்தது’. கடைசித் தேதி நெருங்கும் நாட்களில் நானும் தோற்றுப்போய் முதல் பத்தியில்தான் எழுதுகிறேன். நேற்று முதல் பத்தியில் ஏழு, இரண்டாவதில் இரண்டு. அந்த இரண்டில் ஒன்று, எழுபத்தோரு வயது வாசகர், மின்கட்டணம், நாற்பது நிமிடம்.