சொல் விளக்கம்: சிறுநீரகத் திடீர் ஊறு

சிறுநீரகத்தின் வேலை சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ சட்டெனக் குறைந்துபோகும் நிலைக்கு ஆங்கிலத்தில் ‘அக்யூட் கிட்னி இன்ஜுரி’ என்று பெயர். அதைத் தமிழில் ‘கடுமையான சிறுநீரகக் காயம்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. நாளிதழின் மருத்துவப் பக்கத்திலும் இதுதான், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் தாளிலும் இதுதான், உறுப்பு மாற்று அறுவைக்கு முன் கையொப்பம் வாங்கும் படிவத்திலும் இதுதான். மூன்று சொற்களில் இரண்டு தவறு. சிறுநீரகம் மட்டும் தப்பியது.

வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். ‘அக்யூட்’ இலத்தீனின் ‘அக்யூட்டஸ்’; கூரியது என்று பொருள். பழைய கிரேக்க மருத்துவர்கள் விரைந்து வந்து விரைந்து முடியும் நோய்களைக் கூரிய நோய்கள் என்றார்கள். முடிவு குணமாகவும் இருக்கலாம், சாவாகவும் இருக்கலாம். அதற்கு எதிர்ச்சொல்லான ‘க்ரானிக்’, காலத்தைக் குறிக்கும் ‘க்ரோனோஸ்’ என்பதிலிருந்து வந்தது. அதை ‘நாள்பட்ட’ என்று அழகாகவே தமிழாக்கியிருக்கிறோம். ‘இன்ஜுரி’யின் மூலம் ‘இனியூரியா’, அதாவது முறைக்குப் புறம்பானது, அநீதி. பிறகு பொதுவாகத் தீங்கு என்று விரிந்தது. வெட்டுக்காயம், புண் என்பதற்கு இலத்தீனில் ‘வுல்னுஸ்’ என்று வேறு சொல் உண்டு.

இனி ‘கடுமையான’ என்பதற்கு வருவோம். இந்த நோய்நிலைக்கு இன்று உலகெங்கும் வழங்கும் வரையறை 2012இல் ‘கேடிகோ’ என்ற பன்னாட்டுச் சிறுநீரக நெறிமுறை அமைப்பு வகுத்தது. சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின், 48 மணி நேரத்துக்குள் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 0.3 மில்லிகிராம் கூடினால் போதும். அல்லது 7 நாட்களுக்குள் பழைய அளவைப்போல் ஒன்றரை மடங்கானால் போதும். அல்லது 6 மணி நேரமாகச் சிறுநீர், உடல் எடையில் கிலோவுக்கு மணிக்கு அரை மில்லிலிட்டருக்கும் கீழே இறங்கியிருந்தால் போதும். எல்லாமே கால அளவோடு கட்டப்பட்டவை. எவ்வளவு கடுமை என்பதைச் சொல்லத் தனியாக 1, 2, 3 என்று படிநிலைகள் இருக்கின்றன. கிரியாட்டினின் 0.8இலிருந்து 1.2 ஆனவர் முதல் படி. அவர் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கலாம், தனக்கு ஒன்றுமில்லை என்றும் சொல்லலாம். மும்மடங்கானவரும் டயாலிசிஸ் தொடங்கியவரும் மூன்றாம் படி.

இப்போது முதல் படியைத் தமிழில் எழுதிப் பாருங்கள். ‘லேசான கடுமையான சிறுநீரகக் காயம்’. மூன்றாம் படி? ‘கடுமையான கடுமையான சிறுநீரகக் காயம்’. இதை எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போக மொழிபெயர்ப்பாளருக்கு எப்படித்தான் மனம் வருகிறதோ தெரியவில்லை. சிலர் இடிக்கிறதே என்று இரண்டில் ஒன்றை வெட்டிவிடுகிறார்கள். படிப்பவருக்கு வந்திருப்பது முதல் படியா மூன்றாம் படியா என்ற செய்தியும் அத்தோடு போயிற்று.

‘கடுமை’க்காக வாதாடுபவர்கள் ஒரு நல்ல சான்று காட்டுவார்கள். ‘கடு’ என்ற வேருக்கு விரைவு என்ற பொருளும் உண்டு. கடுகுதல் என்றால் விரைதல். இலங்கையில் விரைவுத் தொடர்வண்டியைக் கடுகதி என்றே சொல்கிறார்கள். உண்மைதான். ஆனால் ‘கடுமையான காய்ச்சல்’, ‘கடுமையான தண்டனை’ என்று கேட்பவர் காதில் விரைவு விழுவதில்லை. வேரில் இருக்கிறது என்பதற்காகக் கிளையில் காய்க்காததைப் பறித்துக் கொடுக்க முடியாது. கடுகு ஊறு, கடுகிய ஊறு என்று ஆக்கலாமே என்றால், அதைப் புரியவைக்க இன்னொரு சொல் விளக்கம் எழுத வேண்டிவரும்.

‘தீவிர’ என்பவர்களும் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவு என்று அந்தச் சொல்லை வேறொன்றுக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்; இங்கும் போட்டால் இந்த நோய் வந்த எல்லாரும் அந்தப் பிரிவில்தான் கிடக்கிறார்கள் என்று தோன்றும். ‘கூர்’ மூலத்துக்கு நெருக்கம். வடிவியலில் இதே இலத்தீன் அடையை இலங்கைப் பாடநூல்கள் கூர்ங்கோணம் என்று ஆக்கின, தமிழ்நாட்டுப் பாடநூல்கள் குறுங்கோணம் என்று ஆக்கின. கோணத்துக்கு இரண்டும் பொருந்தும். நோய்க்குக் கூர்மை எங்கே இருக்கிறது?

எனக்குச் சற்று நேரம் பிடித்தது ‘குறுங்கால’ என்பதில்தான். கேட்க நன்றாக இருக்கிறது, ‘நாள்பட்ட’ என்பதற்கு எதிராகவும் நிற்கிறது. குறை என்னவென்றால், அது நோய் எப்படித் தொடங்கியது என்பதை விட்டுவிட்டு எவ்வளவு நாள் இருக்கும் என்பதைச் சொல்கிறது. பாதிக்கப்பட்ட சிறுநீரகம் எல்லாருக்கும் ஒரு வாரத்தில் திரும்பிவிடுவதில்லை. சிலருக்கு வாரக்கணக்கில் இழுக்கும், 90 நாட்களைத் தாண்டினால் நாள்பட்ட நோய்க் கணக்கில் சேரும். ‘குறுங்கால’ என்று எழுதிக் கொடுப்பது நம்மால் காப்பாற்ற முடியாத வாக்குறுதி. ‘உடனடி’யும் சரிவராது. உடனடி என்றால் எதற்கு உடனடியாக என்ற கேள்வி தொக்கி நிற்கும்.

மிஞ்சுவது ‘திடீர்’. பேச்சு வழக்கு என்று முகம் சுளிப்பவர்கள் திடீர் மரணம், திடீர்த் தாக்குதல் என்று தாங்களே எழுதுவதைப் பார்த்துக்கொள்ளட்டும். வீட்டிலும் எழுத்திலும் ஒரே பொருள் தரும் சொல் கிடைத்தால் அதை விடுவது அறிவில்லை.

‘காயம்’ இன்னும் மோசம். தமிழில் காயம் பட்டது என்றால் அடிபட்டது, தோல் கிழிந்தது, இரத்தம் வந்தது. ‘உங்கள் அப்பாவுக்குச் சிறுநீரகக் காயம்’ என்று சொல்லிப் பாருங்கள், ‘எங்கே விழுந்தார்?’ என்றுதான் கேட்பார்கள். அவர் விழவே இல்லை. இரண்டு நாள் வயிற்றுப்போக்கில் உடலின் நீர் வற்றியிருக்கும், அல்லது மூட்டுவலிக்குத் தானாக வாங்கிப் போட்ட வலி மாத்திரையாக இருக்கும், அல்லது இரத்தத்தில் பரவிய கிருமித்தொற்றாக இருக்கும். காயம் என்ற சொல் காரணத்தைத் தவறான இடத்தில் தேடவைக்கிறது. மாத்திரை பற்றி யாரும் வாயைத் திறப்பதில்லை. வாகனம் மோதிச் சிறுநீரகம் உண்மையாகவே கிழிந்தவருக்கு இதே சொல் தேவைப்படும்போது என்ன செய்வது?

இதைக் கண்டு ‘சிறுநீரகச் செயலிழப்பு’ என்ற பழைய தொடருக்கே திரும்பிவிடுகிறவர்கள் வேறொரு பள்ளத்தில் விழுகிறார்கள். ஆங்கிலத்திலும் முன்பு ‘ரீனல் ஃபெயிலியர்’ என்றுதான் இருந்தது. 2004இல் ‘ரைஃபிள்’ என்ற அளவுகோல் வந்தது, 2007இல் இன்னொன்று வந்தது. அதையொட்டி மருத்துவர்கள் வேண்டுமென்றேதான் சொல்லை மாற்றினார்கள். உறுப்பு செயலிழக்கும்வரை காத்திராமல், கிரியாட்டினின் சிறிது கூடும்போதே பிடிக்க வேண்டும், அந்தச் சிறிய கூடுதலே பின்னாளில் கேடு தரக்கூடியது என்பது அந்த மாற்றத்தின் உயிர். செயலிழப்பு என்று எழுதினால் அவர்கள் செய்த வேலை வீண்.

‘சிதைவு’ என்றால் மீளாது என்ற தொனி வருகிறது. இங்கோ மீள்பவர்கள் ஏராளம். ‘பாதிப்பு’ தவறில்லை, ஆனால் நீரிழிவால் வருவதும் பாதிப்பு, கல்லால் வருவதும் பாதிப்பு. கலைச்சொல்லுக்கு அது தளர்ந்த பை.

என் தேர்வு ‘ஊறு’. ‘ஊறொரால் உற்றபின் ஒல்காமை’ என்ற குறளில் இருப்பது இந்த ஊறுதான்; இடையூறு என்று நாம் அன்றாடம் சொல்வதிலும் இருப்பது இதுதான். உடலுக்கு ஊறு நேர்ந்தது என்றால் வெட்டோ நஞ்சோ பட்டினியோ எதுவும் அடங்கும், மீள்வதும் மீளாததும் அடங்கும். எதிர்ப்பும் உண்டு. ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றம்’ என்ற இன்னொரு குறளில் ஊறு என்றால் தொடுவுணர்வு. அதைவிடப் பெரிய தொல்லை, நீர் ஊறுவது நினைவுக்கு வரும் என்பது. அதுவும் சிறுநீரகத்தோடு சேர்த்துச் சொல்லும்போது. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் ‘ஊறு ஏற்பட்டது’, ‘ஊறு விளைவித்தது’ என்று வினை சேரும்போது யாரும் கிணற்றை நினைப்பதில்லை.

வரிசையையும் பார்க்க வேண்டும். ‘திடீர்ச் சிறுநீரக ஊறு’ என்றால் திடீர் என்பது சிறுநீரகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். அடையை அதற்குரிய பெயரின் பக்கத்தில் வைத்து, ‘சிறுநீரகத் திடீர் ஊறு’ என்பதே சரி. நோயாளியின் வீட்டாரிடம் இதைச் சொல்ல வேண்டியதில்லை. ‘சிறுநீரகம் திடீர்னு பாதிச்சிருக்கு’ என்றால் போதும். படிவத்திலும் பாடநூலிலும்தான் சொல் கறாராக இருக்க வேண்டும்.

உறுப்பு மாற்று ஆய்வுகளுக்கு வந்தால் இந்தக் குழப்பம் இரட்டிப்பாகிறது. ‘இஸ்கீமியா-ரீபெர்ஃப்யூஷன் இன்ஜுரி’யை ‘இரத்தசோகை மறு ஊடுருவல் காயம்’ என்று ஒரு மொழிபெயர்ப்பில் பார்த்தேன். இஸ்கீமியா என்பது கிரேக்கத்தில் குருதியைத் தடுத்து நிறுத்துவது. சோகைக்கும் அதற்கும் உறவில்லை. நடப்பது இதுதான். கொடையாளரிடமிருந்து எடுத்த சிறுநீரகம் காப்புக் கரைசலில், ஏறக்குறைய 4 பாகை குளிரில், குருதியின்றிக் காத்திருக்கிறது. உயிர்வளி (ஆக்சிஜன்) கிடைக்காத செல்களில் சக்சினேட் போன்ற பொருள்கள் சேர்கின்றன. புதிய உடலில் நாளங்களைத் தைத்துப் பிடியை விட்டதும் குருதி பாய்கிறது, வெளிறியிருந்த உறுப்பு சிவக்கிறது. அந்த நொடியில்தான் தேங்கிய சக்சினேட் வேகமாக எரிந்து, செல்களைத் தாக்கும் வினைமிகு உயிர்வளி மூலக்கூறுகளைக் கொட்டுகிறது. உயிர் கொடுக்க வந்த குருதியே ஊறும் செய்கிறது. இதில் எது எதை ஊடுருவியது? ‘குருதித்தடை–மீள்பாய்ச்சல் ஊறு’ என்றால் தடையும் பாய்ச்சலும் நடந்த வரிசையிலேயே நிற்கின்றன. குளிரில் காத்திருந்த கால அளவுக்குக் ‘குளிர்காப்பு நேரம்’ போதும். இந்த ஊறு மிகும்போது, பொருத்திய சிறுநீரகம் வேலை தொடங்கத் தாமதித்து, முதல் வாரத்திலேயே டயாலிசிஸ் தேவைப்படலாம். இறந்தவரிடமிருந்து பெற்ற சிறுநீரகங்களில் இது கூடுதல்.

கடைசியாக ஒன்று. பொருத்திய உறுப்பை உடல் ஏற்க மறுப்பதிலும் ‘ஹைப்பர்அக்யூட்’, ‘அக்யூட்’, ‘க்ரானிக்’ என்று மூன்று வகை சொல்வார்கள். இவற்றை ‘மிகக் கடுமையான’, ‘கடுமையான’, ‘நாள்பட்ட’ நிராகரிப்பு என்று எழுதினால், மூன்றாவதே இருப்பதில் சாது என்று நோயாளி நினைத்துக்கொள்வார். முதலாவது சில நிமிடங்களிலோ மணி நேரத்திலோ வருவது. இரண்டாவது பெரும்பாலும் முதல் மாதங்களில், மறுப்பைத் தடுக்கும் மாத்திரையை நிறுத்தியவர்களுக்கு ஆண்டுகள் கழித்தும்கூட, திடீரென வருவது; உரிய நேரத்தில் கண்டால் பெரும்பாலும் மருந்துக்குப் பணியும். மூன்றாவது ஓசையில்லாமல் ஆண்டுக்கணக்கில் அரிப்பது, மருந்துக்கு எளிதில் பணியாதது. ‘உடன்மறுப்பு’, ‘திடீர் மறுப்பு’, ‘நாள்பட்ட மறுப்பு’ என்று எழுதலாம். இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம், ‘கடுமை’யை மட்டும் இந்தப் பக்கம் கொண்டுவர வேண்டாம்.