பெயிண்டை உரிக்கும் முன் டேங்கைக் கவனியுங்கள்

வண்டிக்குப் பெயிண்ட் அடிக்க வருபவர்கள் நிறத்தைப் பற்றி அரை மணி நேரம் பேசுவார்கள். பழைய பெயிண்டை எப்படி எடுப்பது என்று யாரும் கேட்பதில்லை. பெயிண்டை இளக்கும் ரிமூவர் டப்பாவும், நனைத்துத் தேய்க்கும் வாட்டர் பேப்பரும் வாங்கி வீட்டிலேயே உரிக்கும் தம்பிகள் இப்போது நிறைய. செய்யட்டும், நல்ல வேலைதான். ஆனால் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் இருக்கிறது.

முதலில் டேங்க். பெட்ரோலை வடித்துவிட்டால் பயமில்லை என்று நினைக்கிறார்கள். உண்மையில் நிறைந்த டேங்கைவிட வடித்த டேங்கே மோசம். மூலையிலும் துருவிலும் ஒட்டியிருக்கும் பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலக்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு ஆவி இருந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அதன்மேல் கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டித் தேய்ப்பதைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். டேங்கைக் கழற்றி, சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை குலுக்கிக் கழுவி, மூடியைத் திறந்து வெயிலில் வையுங்கள். வாடை இருந்தால் மறுபடி கழுவுங்கள். வாடை போன பிறகும் டேங்கில் நான் கிரைண்டர் வைப்பதில்லை. கையால் தண்ணீர் விட்டுத் தேய்ப்பதுதான்.

அடுத்து ரிமூவர். தடிமனாகப் பூசினால் சில நிமிடங்களில் பெயிண்ட் சுருங்கி, அப்பளம் போலப் பொரிந்து எழும்பும். பார்க்க ஆசையாக இருக்கும், குனிந்து முகத்தைக் கிட்டே கொண்டுபோவோம். டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்றோ டைகுளோரோமீத்தேன் என்றோ போட்டிருந்தால் அது கூடாது. அந்த ஆவி காற்றைவிடக் கனமானது, மூடிய அறையில் தரையோடு தேங்கும். மயக்கம் தரும். உடம்புக்குள் போனால் அதில் ஒரு பகுதி கார்பன் மோனாக்சைடாக மாறும். இதய நோய் உள்ளவர்கள் தொடவே வேண்டாம். வீட்டு உபயோகத்துக்கான இந்த வகை ரிமூவர் விற்பனையை அமெரிக்கா 2019-லேயே தடைசெய்துவிட்டது. துணி மாஸ்க்கும் என்95-ம் தூசிக்குத்தான், ஆவியைத் தடுக்காது. ஆவியை உறிஞ்சும் வடிகட்டி மாட்டிய கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கும் இதன் முன்னால் சீக்கிரம் தோற்றுவிடும். மெல்லிய கையுறையையும் ஊடுருவும். அந்த வேதிப்பொருள் இல்லாத ரிமூவராகக் கேட்டு வாங்குங்கள். கொஞ்சம் மெதுவாகத்தான் உரியும், பரவாயில்லை. எந்த ரிமூவரானாலும் திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பிளாஸ்டிக் சைடு பேனலில் மட்டும் பூசாதீர்கள், இளகிப்போகும்.

பழைய காலத்து வண்டியா? அந்த மஞ்சள், சிவப்புப் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த நிலையில் தேய்த்தால் தூசி நுரையீரலுக்குப் போகும், சட்டையோடு வீட்டுக்கும் வரும். நனைத்தே தேய்த்து, உடை மாற்றிய பிறகு குழந்தையைத் தூக்குங்கள்.

உரித்த இரும்பை வெறுங்கையால் தொடாமல், துடைத்து அன்றைக்கே அடிப்பூச்சான பிரைமர் அடித்துவிடுங்கள். வியர்வை பட்ட இடத்தில் துரு சீக்கிரம் ஏறும். அப்புறம், நிறத்தை மாற்றினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும். வண்டிச் சட்டத்தில் பொறித்த சேஸிஸ் எண்ணையும் சேர்த்துத் தேய்த்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் போய் நிற்காதீர்கள்.